லினோ செதுக்க எந்த உளி வாங்கறது? கட்டைவிரல் வலி வந்தப்புறம் போட்ட கணக்கு

போன வருஷம் தை மாசம் ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை வந்துச்சு. லினோ பிரிண்ட், அதாவது லினோலியம்ங்கற தகட்டுல உளியால செதுக்கி, மை தடவி, பேப்பர்ல அச்சு எடுக்கறது. நாலு கலர், கலருக்கு ஒண்ணா நாலு பிளாக். முகூர்த்தத் தேதி நமக்காகத் தள்ளிப் போகாது இல்லையா, அதனால பதினோரு நாள் காலைல காபி குடிச்சுட்டு உக்காந்தா ராத்திரி வரைக்கும் செதுக்கல்தான். பன்னண்டாவது நாள் காலைல தோசையைத் திருப்ப முடியல. கட்டைவிரல் அடியில சுருக்குனு ஆரம்பிச்சு மணிக்கட்டைத் தாண்டி இழுத்துச்சு, தோசைத்திருப்பி கீழ விழுந்துடுச்சு.

டாக்டர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கி, மத்த விரலால மூடிக்கிட்டு, அப்படியே முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமா சாய்க்கச் சொன்னார். சாய்ச்சேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. டி குவர்வேன்னு பேர் சொன்னார். கட்டைவிரலை இழுக்கற தசைநார் ஒரு உறைக்குள்ள போய்ட்டுப் போய்ட்டு வருது, ஓயாம ஒரே அசைவுல வேலை வாங்கினா அந்த உறை தடிச்சுப் போய் நார் சிக்கிக்குது, அவ்வளவுதான். மூணு வாரம் கட்டைவிரல் அசையாம ஸ்பிளின்ட் கட்டு. "எதைப் புடிச்சும்மா வேலை செய்யற?"ன்னு கேட்டார், பையிலேர்ந்து எடுத்துக் காட்டினேன், வாங்கி ஒரு தடவை பேனா மாதிரி பிடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம திருப்பிக் குடுத்துட்டார்.

அந்த மூணு வாரம் உக்காந்து யோசிச்சது, அப்புறம் ஒரு வருஷமா வாங்கி, ஃபிரெண்ட்ஸ்கிட்ட கடன் வாங்கி, கடைசியில செஞ்சும் பாத்தது எல்லாம்தான் இங்க எழுதறேன். லினோவுக்கு டூல் வாங்கணும்னு நினைக்கறவங்க பிளேடைப் பாக்கறாங்க, எத்தனை பீஸ்னு பாக்கறாங்க, பிடியை யாரும் பாக்கறதில்ல. நானும் பாக்கல.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்கிட்டாதான் ஒப்பிடவே முடியும். கை ஒரு பொருளைப் பிடிக்கறதுல ரெண்டு வகை இருக்கு, 1956ல ஜான் நேப்பியர்ங்கறவர் பிரிச்சு எழுதினது, இன்னிக்கும் அதைத்தான் சொல்றாங்க. ஒண்ணு விரல் நுனியால பிடிக்கறது, பேனா, ஊசி, கோலமாவு எல்லாம் அப்படி. இன்னொண்ணு முழுக் கையால இறுக்கிப் பிடிக்கறது, சுத்தியல், அம்மிக் குழவி மாதிரி. விரல் நுனிப் பிடியில நுணுக்கம் இருக்கும், பலம் இருக்காது, முழுக்கைப் பிடியில வர பலத்துல சுமாரா நாலுல ஒரு பங்குதான் வரும். அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பை ஆராயற நியாஷ் அமைப்பு 2004ல ஒரு கையேடு போட்டாங்க, அதுல நுணுக்க வேலைக்குப் பிடி 6லேர்ந்து 13 மில்லிமீட்டர் கனம், பலம் போடற வேலைக்கு 32லேர்ந்து 51 மில்லிமீட்டர் கனம்னு இருக்கு. நடுவுல 13க்கும் 32க்கும் இடையில ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, கடையில விக்கற லினோ டூல் பிடி முக்கால்வாசி அந்தப் பள்ளத்துலதான் விழுது.

லினோவுல பிரச்சனை என்னன்னா ரெண்டு வேலையும் ஒரே ஆள் ஒரே உக்காரல்ல செய்யறோம். முகத்துல புருவம் செதுக்கறது விரல் நுனி வேலை. அதே பிளாக்ல பின்னணியை முழுக்கத் தோண்டி எடுக்கறது பலம் போடற வேலை. நான் பதினோரு நாளும் பின்னணியைக் கூட பேனா மாதிரி பிடிச்சுத்தான் தோண்டியிருக்கேன், ஏன்னா என்கிட்ட இருந்த பிடி அப்படித்தான் பிடிக்க விட்டுச்சு. மாவு ஆட்டற வேலையை ஊசி பிடிக்கற விரலால செஞ்சா என்ன ஆகுமோ அதுதான் ஆச்சு.

சரி, இப்ப ஒவ்வொண்ணா.

முதல்ல எல்லாரும் வாங்கற பிளாஸ்டிக் பிடி, பிளேடு மாத்தி மாட்டறது. பின்பக்கம் மூடியைத் திறந்தா உள்ள அஞ்சாறு பிளேடு இருக்கும், முன்னாடி திருகைத் தளர்த்தி மாட்டிக்கலாம். இதை நான் திட்டப் போறதில்ல, லினோ நமக்கு ஒத்து வருமான்னே தெரியாதவங்களுக்கு இது போதும், எந்த அகல பிளேடு நமக்கு அதிகம் தேவைப்படுதுன்னு கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்ல. ஆனா என்கிட்ட இருந்ததுல திருகு கொஞ்ச நேரத்துல தளர்ந்துடும், பிளேடு ஒரு மயிரிழை ஆடும், அந்த ஆட்டத்தை அடக்கறதுக்கு நானே அறியாம விரலை இன்னும் இறுக்குவேன். வலிக்குப் பாதி காரணம் அந்த மயிரிழைதான்னு இப்ப நினைக்கறேன். செதுக்கறதுக்குச் செலவாகற பலம் கொஞ்சம், ஆடாம பிடிச்சு வெக்கறதுக்குச் செலவாகற பலம் நிறைய.

ரெண்டாவது மெல்லிசா நீளமா பென்சில் மாதிரி மரப்பிடி போட்ட அஞ்சு பீஸ் செட், ஸ்கூல் பசங்களுக்குன்னு விக்கறது. கோடு போட நல்லா இருக்கு, நிஜமாவே நல்லா இருக்கு, அகலமா தோண்ட வெச்சுக்கிட்டா அதோ கதி. இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

மூணாவதுதான் எல்லாரும் ஆசைப்படறது, உள்ளங்கைல குமிழ் உக்கார்ற குட்டைப் பிடி. காளான் மாதிரி இருக்கும், செம்புத் தகட்டுல கோடு இழுக்கற என்கிரேவர்ங்க காலங்காலமா வெச்சிருந்த வடிவம். சுவிட்சர்லாந்துல இருக்கற ஃபைல் (Pfeil)ங்கற உளிக் கம்பெனியோட லினோ உளிங்க இந்த ரகம். ஒரு ஃபிரெண்டோடதை ஒரு மாசம் வெச்சிருந்தேன். உளியில ரெண்டு நம்பர் இருக்கும், 11/3ன்னு போட்டிருந்தா 11ங்கறது வளைவோட நம்பர், 3ங்கறது மில்லிமீட்டர்ல அகலம், 12ல ஆரம்பிச்சா அது வி வடிவம், இதைத் தெரிஞ்சுக்கிட்டா செட்டா வாங்காம வேணுங்கறதை மட்டும் வாங்கலாம். குமிழோட அடிப்பக்கத்தைத் தட்டையா சீவியிருப்பாங்க, அதனால உளி லினோ மேல நல்லா படுத்துக்கிட்டுப் போகும், டேபிள்ல வெச்சா உருளாது. தள்ளறது தோள்லேர்ந்தும் முழங்கையிலேர்ந்தும் வருது, உள்ளங்கை தள்ளுது, விரல் வழி மட்டும் காட்டுது. கட்டைவிரலுக்கு லீவு. முதல் நாள் பின்னணி தோண்டினப்ப, ஐயோ இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்னு இருந்துச்சு.

ஆனா ரெண்டாவது வாரம் வேற ஒரு இடம் வலிக்க ஆரம்பிச்சுது, உள்ளங்கை நடுவுல, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல. அதே நியாஷ் கையேட்டுல, பலம் போடற டூலோட பிடி உள்ளங்கையைத் தாண்டி நீளணும், குறைஞ்சது 10 சென்டிமீட்டர் வேணும், பிடியோட முனை உள்ளங்கைக்குள்ள குத்தக்கூடாதுன்னு இருக்கு. அந்தக் கணக்குல பாத்தா இந்தக் குட்டைப் பிடியே தப்பு. என்கிரேவர்ங்க இதுக்கு என்ன பதில் வெச்சிருக்காங்கன்னா, குமிழை அகலமா உருண்டையா வெச்சு அழுத்தத்தைப் பரப்பறது, அப்புறம் உளியோட நீளத்தை அவங்கவங்க கைக்கு வெட்டிக்கறது. குமிழ் உள்ளங்கைல உக்காந்ததும் உளி நுனி கட்டைவிரலைத் தாண்டி ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் நீட்டிக்கிட்டு இருக்கணும். ஃபிரெண்ட் ஆறடி ஆள், அவர் கைக்கு அது சரி, என் கைக்கு நுனி எங்கயோ போய் நின்னுச்சு, அதை எட்டிப் பிடிக்க குமிழ் கீழ இறங்கி மணிக்கட்டு நரம்பு மேலயே உக்காந்துடுச்சு. அதனால காசு குடுத்து வாங்கறதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட வாங்கி உங்க கையில வெச்சுப் பாருங்க, போட்டோ பாத்து வாங்காதீங்க. சின்னக் கை இருந்தா இது ரொம்ப முக்கியம். (ராத்திரில கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணும் மரத்துப் போகுதுன்னா அது வேற சமாச்சாரம், அந்த நரம்பே அமுங்குதுன்னு அர்த்தமா இருக்கலாம், டூல் மாத்திப் பாத்துக்கிட்டு இருக்காம நேரா டாக்டர்கிட்ட போங்க.)

நாலாவது ஜப்பான் மரச்செதுக்கு உளிங்க. இங்க பிடி நீளமா இருக்கும். கோடு வெட்டற கத்தியை ஹாங்கிடோன்னு சொல்றாங்க, அதைக் கத்தியால குத்தற மாதிரி முஷ்டியில பிடிச்சு, பிடியோட தலையில கட்டைவிரலை வெச்சு, தன் பக்கமா இழுப்பாங்க. முதல்ல பாக்க பயமா இருக்கும், ஆனா யோசிச்சுப் பாருங்க, கோடு வெட்டறதைக் கூட முழுக்கைப் பிடியில செய்யறாங்க, இடது கை விரல் பிளேடு பக்கத்துல நின்னு நுணுக்கத்தைப் பாத்துக்குது. தோண்டற உளியிலயும் அதே பங்கீடுதான், ஒரு கை தள்ளும் இன்னொரு கை தடுக்கும். சில ஹாங்கிடோவுல பிடி ரெண்டு பாதியா பிரியும், தீட்டித் தீட்டி இரும்பு தேயத் தேய உள்ள இருக்கறதை வெளிய தள்ளிக்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஆனா பழகவே ஒரு மாசம் ஆச்சு, மரத்துக்குன்னு வந்த முறை, லினோவுல சில சமயம் கத்தி ரொம்ப ஆழமா இறங்கிடுது. புதுசா பழகப் பொறுமை இருந்தா கண்டிப்பா பாருங்க. அடுத்த வாரம் டெலிவரி இருக்குன்னா இப்ப வேண்டாம்.

அஞ்சாவது, பாக்கெட்ல எர்கோனாமிக்னு பெரிசா போட்டு, ரப்பர் பிடியில விரலுக்கு விரல் பள்ளம் வெச்சு விக்கறது. இதைப் பத்திக் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா நான் ஏமாந்தது இதுலதான். கடையில பிடிச்சுப் பாத்தா அல்வா மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து வேலை செஞ்சா அரை மணி நேரத்துல விரல் பள்ளத்து மேட்டுல ஏறி நிக்கும்.

ஏன்னு தெரிஞ்சுக்க ஒரு கூத்து பண்ணினேன். சப்பாத்திக்குப் பிசைஞ்சு வெச்ச மாவுல ஒரு எலுமிச்சம்பழ அளவு எடுத்து, பழைய உளியோட பிடியைச் சுத்தி அப்பி, மேல பிளாஸ்டிக் கவர் சுத்திக்கிட்டு, நிஜமா லினோ மேல வெச்சு ஒரு கோடு தள்ளினேன். கவரை உரிச்சுப் பாத்தா விரல் தடம் அப்படியே இருக்கு. மாவை உருட்டிட்டு அடுத்து பின்னணி தோண்டற மாதிரி தள்ளினேன், தடம் வேற இடத்துல. வளைவுக் கோடு போட்டேன், அது வேற. மூணு தடவைல ஆள்காட்டி விரல் மூணு இடத்துல இருந்துச்சு, கட்டைவிரல் ஒரு தடவை மேல, ஒரு தடவை பக்கவாட்டுல. கை அப்படித்தான், நகர்ந்துக்கிட்டே இருக்கும், நகர்றதுனாலதான் ஒரே தசை களைச்சுப் போகாம இருக்கு. பள்ளம் வெச்ச பிடி, இங்கதான் வெக்கணும்னு விரலைக் கட்டிப் போடுது, அதுவும் யாரோ ஒருத்தர் கை அளவுக்கு. நியாஷ் கையேடும் விரல் பள்ளம் இல்லாத பிடியாப் பாத்து வாங்கச் சொல்லுது, படிச்சிருந்தேன், ஆனா மாவுல பாத்தப்பதான் புத்தியில ஏறிச்சு. எங்கம்மா அந்த மாவைப் பாத்துட்டு "சோத்துக்கு வெச்சதுல விளையாடறா பாரு"ன்னு போனாங்க.

மெத்துனு இருந்தா சொகுசுன்னு நினைக்கறதும் பாதிதான் உண்மை. 1990ல அமெரிக்காவுல ஆக்ஸோ கம்பெனி தடிச்ச கறுப்பு ரப்பர் பிடி போட்ட காய் சீவி ஒண்ணு கொண்டு வந்தாங்க, சாம் ஃபார்பர்ங்கறவர் மூட்டுவாதம் இருந்த அவர் மனைவி பெட்சி படற கஷ்டத்தைப் பாத்து ஆரம்பிச்சது. அதை எல்லாரும் ரப்பர் ரப்பர்னுதான் சொல்றாங்க, ஆனா அந்தப் பிடி முட்டை வடிவம், உருண்டை இல்ல, கையில திரும்பாது, தடிமன் இருக்கறதால விரலை ரொம்ப மடக்க வேண்டாம். வேலை செய்யறது அந்த வடிவம்தான். நம்ம வேலைக்கு ரப்பர் ரொம்ப மெத்துனு இருந்தா உளி நுனில என்ன நடக்குதுன்னு விரலுக்குத் தெரியாது, லினோ அடியில இருக்கற சாக்கு தட்டுப்படற அந்தக் கரகர கைக்கு வரணும். அதனால ஏற்கெனவே இருக்கற உளிக்கு மெத்தை வேணும்னா பேட்மின்டன் ராக்கெட்டுக்குச் சுத்தற கிரிப் டேப் ஒரு சுத்து போதும். சைக்கிள் டியூபை வெட்டிச் சுத்தினவங்களும் இருக்காங்க, அது வெயில்ல பிசுபிசுங்கும், கை நாறும்.

இப்ப ஆறாவது, நான் கடைசில போய் நின்ன இடம். பிடி இல்லாம வெறும் உளி இரும்பு மட்டும் வாங்கி, பிடியை நாமளே போட்டுக்கறது.

நான் இருக்கறது கும்பகோணம். கட்டில் கால், ஊஞ்சல் குமிழ் கடையற கடைசல் பட்டறை ஒண்ணு தெரிஞ்ச இடத்துல இருக்கு, அதை நடத்தற தாத்தாவுக்கு எழுபது இருக்கும். காளான் பிடி படம் காட்டி, இதே மாதிரி வேணும்னேன். படத்தை வாங்கவே இல்ல. "கையைக் காட்டு பாப்பா"ன்னார். காட்டினேன். கட்டைவிரலையும் நடுவிரலையும் சேத்து வளையம் போடச் சொல்லி, அதுக்குள்ள மிச்சக் கட்டைகளை ஒண்ணொண்ணா விட்டுப் பாத்தார். விரல் நுனி ஒண்ணு மேல ஒண்ணு லேசா ஏறி நிக்கற கட்டையை எடுத்து வெச்சுக்கிட்டார். "இதுக்கு மேல தடியா இருந்தா கை களைக்கும், கம்மியா இருந்தா நகம் குத்தும்." அப்புறம் அளந்து பாத்தேன், 31 மில்லிமீட்டர். கையேட்டுல எழுதினவங்க இஞ்ச் டேப் வெச்சு சொன்னதோட ஆரம்பத்துக்குப் பக்கத்துல வந்து நிக்குது, அவங்க சொன்ன நடு அளவை நான் எடுத்திருந்தா என் கைக்கு உலக்கை மாதிரி இருந்திருக்கும்.

கொய்யா மரம் போட்டார், "கவட்டைக்கு எதை வெட்டுவீங்க சின்ன வயசுல, அதேதான்"னார். வழுக்காம நெருக்கமா இருக்கற மரம். நீளம் 11 சென்டிமீட்டர், பின்பக்கம் உள்ளங்கைல உக்கார்ற மாதிரி கொஞ்சம் பருத்து, முன்னாடி விரல் வர்ற இடத்துல ஒல்லியா. குட்டைப் பிடியும் இல்ல நெட்டைப் பிடியும் இல்ல. முன்பக்கம் பித்தளைக் குழாய்லேர்ந்து வெட்டின பூண், இல்லன்னா இரும்பை அடிச்சு ஏத்தறப்ப மரம் பிளந்துக்கும். வீட்டுக்கு வந்து ரெண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு முட்டை வடிவமா தேச்சேன், கடைசல்ல உருண்டையாத்தானே வரும், உருண்டையா இருந்தா கையில திரும்பும். பளபளன்னு வார்னிஷ் அடிக்காதீங்க, வேர்வைல வழுக்கும், வழுக்கினா இறுக்குவீங்க, மறுபடி முதல்லேர்ந்து. ஆளிவிதை எண்ணெய் ரெண்டு கோட் போதும், லினோவே அந்த எண்ணெயும் கார்க் தூளும் சேந்ததுதான்.

முதல் பிடி சரியா வரலைங்கறதையும் சொல்லிடறேன். பின்பக்கத்தை ரொம்பக் கூரா விட்டுட்டேன், உள்ளங்கை நடுவுல குத்திச்சு, காளான் பிடியில பட்டும் புத்தி வரல. ரெண்டாவதுல அதை அகலமாக்கினப்புறம்தான் சரியாச்சு. இங்கதான் இந்த வழியோட லாபம் தெரியுது, தப்பா போனா ஒரு மரத்துண்டு போச்சு, அவ்வளவுதான், இரும்பை உருவி அடுத்த பிடியில போட்டுக்கலாம். ஒரு முழு செட் வாங்கித் தப்பா போனா அப்படி இல்ல. கடைசல் பட்டறை பக்கத்துல இல்லாதவங்க மரத்துண்டைக் கத்தியால சீவி அரத்தால தேச்சாலே போதும், கடைசலே வேணும்னு இல்ல. எபாக்ஸி புட்டியை மாவு மாதிரி அப்பிப் பிடி செய்யறவங்களும் இருக்காங்க, நான் செய்யல, கையில கனமா இருக்கும்னு ஒரு நினைப்பு.

இவ்வளவு சொல்லிட்டு ஒண்ணைச் சொல்லாம விட்டா அநியாயம். ஒரு நாள் வம்புக்குன்னே பழைய பிளாஸ்டிக் பிடியில இருந்த பிளேடைக் கழட்டி நல்லா தீட்டி, திருகு ஆடாம ஒரு நூல் சுத்தி மாட்டினேன். புதுக் கொய்யாப் பிடி உளியை வேணும்னே மழுங்க விட்டேன். ரெண்டையும் ஒரே லினோவுல தள்ளிப் பாத்தா, கேவலமான பிடியில இருந்த கூரான பிளேடுதான் கைக்குச் சுகமா இருந்துச்சு. மழுங்கின உளிக்கு எந்தப் பிடி போட்டும் பிரயோஜனம் இல்ல. அதனால பட்ஜெட்ல முதல் செலவு உளி தீட்ட ஒரு தோல் துண்டும் அது மேல தேய்க்கற பச்சைப் பாலிஷ் கட்டியும், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு இழுப்பு. அந்த இழுக்கற அரை நிமிஷம் கைக்கு ரெஸ்ட்டும் ஆச்சு.

அதே மாதிரி பெஞ்ச் ஹூக். ஒரு பலகை, அடியில ஒரு சட்டம் டேபிள் விளிம்புல மாட்டிக்கும், மேல ஒரு சட்டம் லினோவைத் தடுக்கும். இது இல்லாம இடது கை லினோவை அமுக்கிக்கிட்டே இருக்கும், அதுவும் உளிக்கு எதிர்ல, வழுக்கினா விரல்லதான். வளைவு வந்தா கையைத் திருப்பாதீங்க, லினோவைத் திருப்புங்க, மணிக்கட்டு நேரா இருந்தாதான் பிடிக்குப் பலம், வளைஞ்சா பலம் வீணாப் போகுது. அப்புறம் லினோ இறுகிப் போய் இருந்தா கொஞ்ச நேரம் வெயில்ல வெச்சு எடுங்க, வெண்ணெய் மாதிரி வரும், நம்ம ஊர் சித்திரை மாசத்துக்கு அது கூட வேண்டாம். மார்கழி காலைல அயர்ன் பாக்ஸை லேசா ஓட்டி எடுப்பேன்.

அப்ப என்னதான் வாங்கறதுன்னா, பத்து பீஸ் செட் எதுவும் வேண்டாம்ங்கறதுல நான் உறுதியா இருக்கேன், பத்துக்கும் ஒரே பிடி போட்டுத்தான் குடுப்பாங்க, ஒரே பிடிதானே நம்மைக் கவுத்தது. ரெண்டு உளி போதும். ஒண்ணு சின்ன வி உளி, 1 மில்லிமீட்டர், ஒல்லிப் பிடி, விரல் நுனியில பிடிக்கறதுக்கு, அந்த ஸ்கூல் செட்ல இருக்கறதே நல்லா தீட்டினா போதும். இன்னொண்ணு தோண்டறதுக்கு அகல உளி, இதுக்குத்தான் காசைப் போடணும், கை பெருசா இருந்தா காளான் பிடி நேரா வாங்கிடுங்க, கை சின்னதா இருந்தா வெறும் இரும்பு வாங்கிப் பிடி போட்டுக்கோங்க. பொறுமைசாலின்னா ஜப்பான் வழி. வாரத்துக்கு ஒரு மணி நேரம் செதுக்கற ஆளா இருந்தா பிளாஸ்டிக் பிடிக்கு ஒரு சுத்து டேப் போட்டுட்டு இதையெல்லாம் மறந்துடுங்க, உங்க கை தாங்கும்.

இடதுகைக்காரங்களுக்கு இந்த முட்டை வடிவப் பிடி ரெண்டு கைக்கும் ஒண்ணுதான், என் தோழி ஒருத்தி இடது கை, என் ரெண்டாவது பிடியை எடுத்துட்டுப் போய் ஆறு மாசம் ஆகுது, கேட்டா இன்னும் ஒரு பிளாக் பாக்கி இருக்குங்கறா. தாத்தாகிட்ட மூணாவது சொல்லியிருக்கேன். மாவுல எடுத்த தடம் ஒண்ணு ஃபிரிட்ஜ் மேல காஞ்சு கல்லா கிடக்கு, அளவுக்கு அதைத்தான் எடுத்துக்கிட்டுப் போகணும், அம்மா கண்ணுல படாம இருந்தா சரி.